மார்பக அறுவைக்குப் பிறகு ட்ரெயினோடு (நீர் வடிக்கும் குழாயோடு) வீடு திரும்பினால்: குழாய் கழற்றும் நாள் வரைக்கும், அதற்குப் பிறகும்

புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது மார்பை முழுவதும் எடுத்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். மாத்திரை, தையல், அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் விவரமாக இருந்தது. விலாவிலிருந்து தொங்கிய இரண்டு குழாய்களைப் பற்றி மட்டும் ஒரே வரி: ட்ரெயின் பராமரிப்பு சொல்லிக் கொடுக்கப்பட்டது. சொல்லிக் கொடுத்தார்கள், பொய் இல்லை. அரைத்தூக்கத்தில் கிடந்த எனக்கும், பில் கட்ட ஓடிக்கொண்டிருந்த என் கணவருக்கும், இரண்டே நிமிடம்.

அதற்குப் பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பதினைந்து நாள். அந்த நாட்களில் தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதில் ஏதாவது உங்கள் சர்ஜன் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள். உள்ளே பார்த்தவர் அவர்.

இந்தக் குழாய் எதற்கு

மார்பை எடுத்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. வெட்டுப்பட்ட நிணநீர்க் குழாய்களிலிருந்தும் சின்ன ரத்தக் குழாய்களிலிருந்தும் அங்கே நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அது தேங்கினால் தோல் கீழே ஒட்டாது, கிருமியும் சேரும். அதனால்தான் தோலுக்கடியில் துளைகள் உள்ள மெல்லிய குழாயை வைத்து, வெளி நுனியில் உறிஞ்சும் குடுவையை மாட்டுகிறார்கள். சில இடங்களில் இது கைக்குள் அடங்கும் ரப்பர் பந்து போல இருக்கும். நம் பக்கம் அதிகம் பார்ப்பது ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிற டப்பா. அமுக்கி மூடினால் அது மெல்ல விரியும், விரியும்போது நீரை இழுக்கும். வேலை அவ்வளவுதான்.

முழு மார்பையும் அக்குள் முடிச்சுகளையும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று நெஞ்சுப் பக்கம், இன்னொன்று அக்குள் பக்கம். அக்குள் குழாய்தான் அதிக நாள் இருக்கும், அதிக நீரும் அதில்தான் வரும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அவற்றுக்குச் சின்னவன், பெரியவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘அம்மா, பெரியவன் நிறைஞ்சிட்டான்’ என்று என் மகள் கூவும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தால் தையல் வலிக்கும்.

முதல் வேலை: குழாயைத் தொங்கவிடாதீர்கள்

வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது இது. ட்ரெயின் தரும் தொல்லையில் பாதிக்கு மேல் இழுப்பால் வருவது. குழாய் வெளியே வரும் இடத்தில் தோலோடு சேர்த்து ஒரு நூல் தையல் போட்டிருப்பார்கள். டப்பாவில் நீர் ஏற ஏற அதன் கனம் முழுவதும் அந்த ஒற்றைத் தையலில் போய் நிற்கும். எழுந்தால் சுருக், திரும்பினால் சுருக். முதல் நாள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே கழிவறைக்குப் போய், ஒரு கையால் புடவையைச் சமாளிக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

மறுநாள் என் மாமியார் பீரோவிலிருந்து இரண்டு கல்யாணத் தாம்பூலப் பைகளை எடுத்து வந்தார். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப் பைகள். கைப்பிடிகளை வெட்டிவிட்டு, பழைய காட்டன் வேட்டியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி கிழித்து, பைக்கு ஒன்றாக இரண்டு முனையிலும் தைத்தார். பட்டியைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டால் பைகள் இரண்டும் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. கழுத்து வலிப்பவர்கள் இதையே உள்பாவாடை நாடா போல இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். எப்படிக் கட்டினாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டப்பா, குழாய் வெளிவரும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாய் எங்கும் மடங்கக் கூடாது. தோலுக்கும் பைக்கும் நடுவே குழாய் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ஊக்கு குத்துவதாக இருந்தால் துணியிலோ டப்பாவில் இருக்கும் வளையத்திலோ குத்துங்கள், குழாயில் மட்டும் வேண்டாம். சிறு துளை விழுந்தால்கூட காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும்.

குழாய் வெளிவரும் இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, குழாயைச் சின்ன வளைவாக விட்டு, ஒரு துண்டு மைக்ரோபோர் பிளாஸ்டரால் தோலில் ஒட்டிவையுங்கள். பை எதிலாவது மாட்டி இழுபட்டாலும் இழுப்பு பிளாஸ்டரோடு நின்றுவிடும், தையல் வரைக்கும் போகாது. கதவுத் தாழ்ப்பாளில் என் பை இரண்டு முறை மாட்டியிருக்கிறது. இரண்டு முறையும் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு துண்டு பிளாஸ்டர்தான்.

உடுப்புக்கு முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிதான் ராஜா. வெளியே போக வேண்டும் என்றால் கணவரின் தொளதொள சட்டை. தலைவழியாகப் போடும் எதையும் குழாய் கழற்றும் வரை தொடாதீர்கள். உடுத்தும்போது ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அந்தக் கை கடைசியாக வரட்டும்.

நீரை வெளியேற்றி அளப்பது

காலை, இரவு என்று நாளுக்கு இரண்டு முறை நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் டப்பா பாதி நிறைந்துவிட்டால் அப்போதும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் நிறைய நிறைய உறிஞ்சும் சக்தி குறையும். நமக்கு வேண்டியவை சோப்பு, கையுறை, அளக்க ஒரு பாத்திரம், ஒரு நோட்டு. டப்பாவில் உள்ள கோடுகளை நம்ப வேண்டாம், அமுங்கியிருக்கும்போது அவை சரியாகக் காட்டாது. இருமல் மருந்து மூடியோ ரொம்பச் சின்னது. மருந்துக் கடையில் மி.லி. கோடு போட்ட குழந்தைப் பால் புட்டி ஒன்று வாங்கி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டோம்.

1. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். துணைக்கு இருப்பவர் செய்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

2. குழாயில் உறைந்திருக்கும் ரத்தக் கட்டியைக் கீழே இறக்குங்கள். தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரல்களால் குழாயை நசுக்கியபடியே டப்பாவை நோக்கி வழித்து வாருங்கள். விரலில் கொஞ்சம் சானிடைசர் தடவினால் வழுக்கும். மாடு கறந்து பழகிய என் மாமியாருக்கு இது ஒரே நாளில் கைவந்தது. என் கணவர் கடைசி நாள் வரை பயந்து பயந்துதான் தொட்டார். மேலே பிடித்திருக்கும் கை நழுவினால் தையல் இழுபடும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில சர்ஜன்கள் இப்படி வழிப்பதே வேண்டாம் என்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுவிடுங்கள்.

3. குழாயில் கிளாம்ப் (குழாயை நெருக்கி அடைக்கும் கிளிப்) இருந்தால் மூடுங்கள். அப்புறம் டப்பாவின் மூடியைத் திறந்து நீரைப் புட்டியில் ஊற்றுங்கள். மூடியின் உள்பக்கத்திலும் டப்பாவின் வாயிலும் விரல் படக் கூடாது.

4. டப்பாவை நன்றாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போடுங்கள். கிளாம்ப்பைத் திறங்கள். டப்பா அமுங்கியே இருந்தால் சரி. உடனே புஸ்ஸென்று விரிந்துவிட்டால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம், மூடியை ஒருமுறை பாருங்கள்.

5. புட்டியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய் அளவு பாருங்கள். இரண்டு குழாய்களையும் தனித்தனியாக எழுதுங்கள். நீரைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுபடியும் கை கழுவுங்கள்.

அமுக்கி மூடிய அடுத்த நொடி உள்ளே ‘வெடுக்’கென்று இழுக்கும். வெற்றிடம் திடீரென்று பிடிப்பதால் வருவது அது. கிளாம்ப்பை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்லத் திறந்து, திறக்கும்போது மூச்சை வெளியே விட்டால் அவ்வளவு தெரியாது. வலி மாத்திரை சாப்பிட்டு அரை மணி கழித்து இந்த வேலையை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாங்கள் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நாள் இரவு நீரை எடுத்துவிட்டு, பெரியவனின் கிளாம்ப்பைத் திறக்க மறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் டப்பாவில் ஒரு சொட்டு இல்லை. ‘நின்னுடுச்சு!’ என்று வீடே சந்தோஷப்பட்டது. காபி குடித்து முடிப்பதற்குள் நைட்டியின் பக்கவாட்டு நனைந்துவிட்டது. போக வழியில்லாத நீர், குழாயைச் சுற்றியிருக்கும் துளை வழியாகக் கசிந்திருக்கிறது. அக்குளும் திம்மென்று வீங்கியிருந்தது. கிளாம்ப்பைத் திறந்ததும் பத்தே நிமிடத்தில் டப்பா பாதி நிறைந்தது. அன்றிலிருந்து நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் ‘கி.தி.’ என்று எழுதிய பிறகுதான் புட்டியைக் கழுவுவது என்று விதி வைத்தோம். கிளாம்ப் திறந்தாயிற்று என்பதன் சுருக்கம் அது. நேற்று நன்றாக வந்த நீர் இன்று அடியோடு நின்றால் அது நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் கிளாம்ப், அடுத்து மடிப்பு, அடுத்து கட்டி அடைப்பு என்று பாருங்கள். மூன்றும் இல்லாமல் அந்த இடம் வீங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

நோட்டு என்ன சொல்கிறது

நோட்டில் தேதி, நேரம், நெஞ்சுக் குழாய், அக்குள் குழாய், நிறம் என்று ஐந்து கட்டங்கள் போதும். முதல் ஓரிரு நாள் ரத்தச் சிவப்பாக வரும். பிறகு ரோஸ் நிறம், அதன் பிறகு வெளிர் மஞ்சள். அளவு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று எனக்கு நெஞ்சில் 60, அக்குளில் 110 மி.லி. ஒன்பதாம் நாள் நெஞ்சில் 22, அக்குளில் 65. நடுவே ஒருநாள் அக்குள் கணக்கு திடீரென்று 95க்கு ஏறியது. யோசித்தால், முந்தின நாள் துணி காயப்போடுகிறேன் என்று கையைத் தூக்கியிருக்கிறேன். உடம்பு எழுதிவைக்கிற வருகைப் பதிவேடு அது, ஏமாற்ற முடியாது.

24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயைக் கழற்றலாம் என்பதுதான் பல சர்ஜன்கள் வைத்திருக்கும் கணக்கு. சிலர் 20 என்பார்கள். அது ஒரு குழாயில் வரும் அளவு, இரண்டும் சேர்த்து அல்ல. சிலருக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். பக்கத்து வார்டு அக்காவுக்கு ஏழே நாளில் கழற்றிவிட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு நான் வெந்துபோனது வீண். உடல்வாகு, எத்தனை முடிச்சு எடுத்தார்கள் என்பது எல்லாம் அதில் சேர்த்தி.

எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

குழாய் வெளிவரும் இடத்தில் குறுகுறுப்பு, விலா எலும்பில் குழாய் அழுத்துவது போன்ற உறுத்தல், மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போய்த் திடீரென்று எரிவது, எல்லாம் வரும். அக்குளில் வேலை செய்யும்போது அந்த இடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு இழுபடுவதும் வெட்டுப்படுவதும் உண்டு. அதனால் வருவதுதான் அந்த மரமரப்பு. எடுத்துவிட்ட மார்பிலேயே அரிப்பதாகத் தோன்றுவதும் உண்டு. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைக்காதீர்கள், நரம்புக்கு இன்னும் சேதி போகவில்லை.

கத்திரி வெயிலில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது பிளாஸ்டருக்கு அடியில் வேர்த்து அரித்ததுதான். பவர் கட் ஆன மதியங்களில் சொறிந்தே ஆக வேண்டும் போலிருக்கும். சொறியாதீர்கள். சுத்தமான துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சற்றுத் தள்ளி, உணர்ச்சி இருக்கும் தோலில் கொஞ்ச நேரம் வைக்கலாம். மரத்த இடத்தில் வைக்கக் கூடாது, தோல் கருகினாலும் தெரியாது. மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் அக்கறையாக மஞ்சள் அரைத்தே கொண்டுவந்தார். வாங்கி வைத்துக் குழம்பில் போட்டோம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, துளையைச் சுற்றிச் சிவந்து சூடாகிப் பரவினாலோ, நீர் கலங்கி நாற்றம் அடித்தாலோ, மஞ்சளாக வந்துகொண்டிருந்தது மறுபடியும் ரத்தமாக மாறினாலோ அன்றே போய்க் காட்டுங்கள். டப்பா புது ரத்தத்தால் மளமளவென்று நிறைந்தால், மூச்சு வாங்கினால், தலைசுற்றினால் 108தான். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பதையும் விட்டுவிடாதீர்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம். குழாய் தானாக வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான காஸ் துணி வைத்து அழுத்திக்கொண்டு கிளம்புங்கள்.

வலி மாத்திரையைப் பொறுத்தவரை, வலி ஏறிய பிறகு தேடாமல் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு முதல் சில நாட்கள் சாப்பிட்டுவிடுவது நல்லது. மருந்துக் கடையில் நாமாக வேறு மாத்திரை வாங்கிச் சேர்க்க வேண்டாம். சில மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். வலுவான மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். முக்கினால் நெஞ்செல்லாம் வலிக்கும், அதனால் பூவன் பழம், கீரை, நிறைய தண்ணீர்.

தூக்கம், குளியல், சாப்பாடு

பாயில் படுக்காதீர்கள். தரையிலிருந்து எழ இரண்டு கையும் வேண்டும், உங்களிடம் இப்போது இருப்பது ஒன்று. கட்டிலில் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, அரைச் சாய்வில் படுத்து, ஆபரேஷன் பக்கத்துக் கைக்கு அடியில் இன்னொரு தலையணை. எழும்போது நல்ல பக்கமாகப் புரண்டு, அந்த முழங்கையை ஊன்றி எழுங்கள். பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் படுத்தால், எழுவதற்கு முன் பை எங்கே என்று தடவிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். மறந்து எழுந்த ஒரே ஒருநாள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

குழாய் இருக்கும் வரை குளியல் என்பது ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான், டாக்டர் வேறு மாதிரி சொன்னால் ஒழிய. இடுப்புக்குக் கீழே ஊற்றிக்கொள்ளலாம். தலைக்கு வேண்டுமென்றால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நெஞ்சை டவலால் மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவர் சீயக்காய் தேய்த்துவிடட்டும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், தயிர் ஆகாது, கத்தரிக்காய் அரிக்கும். புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். கடலூர் துறைமுகத்து நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் ரசம் சாதம் சாப்பிடுவானேன்? முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் அளவை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புண் ஆறாது. மீனை நீங்கள் ஆய வேண்டாம். முடிச்சு எடுத்த பக்கத்துக் கையில் முள் குத்தினாலும் அரிவாள்மனை கீறினாலும் கிருமி எளிதாகப் பரவும். அந்தக் கையில் இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் மறு கையைக் கொடுங்கள். பிற்காலத்தில் அந்தக் கை வீங்கினால் யானைக்கால் மாதிரி ஏதோ என்று நம் ஊரில் ஒதுங்குவார்கள். நிணநீர் வடிய வழி குறைந்துபோனதால் வரும் வீக்கம் அது. கொசு கடித்து வந்ததும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்தலாம்.

கை அசைவு, பயணம்

கையை அசைக்கவே கூடாது என்பதும் தப்பு, உடனே பழையபடி வேலை செய்வதும் தப்பு. முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்கையை மடக்குங்கள், தோளை மெல்லத் தூக்கி இறக்குங்கள். தலை சீவலாம் என்று டாக்டர் சொன்னால் அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். தோள் மட்டத்துக்கு மேல் கையைத் தூக்குவது மட்டும் பொதுவாகக் குழாய் கழற்றிய பிறகுதான். அதற்கு முன் தூக்கினால் என்ன ஆகும் என்று என் நோட்டின் 95 சொல்லும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குக்கர், குழந்தை எதையும் தூக்க வேண்டாம்.

செக்கப்புக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர்தான். ஆனால் குழாயோடு போகிறவருக்கு ரெட்டிச்சாவடியிலிருந்து முதலியார்பேட்டை வரை எத்தனை வேகத்தடை என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஆபரேஷன் பக்கம் ஜன்னலை ஒட்டி வருமாறு உட்காருங்கள். நடைவழிப் பக்கம் இருந்தால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் இடிப்பார்கள். காரில் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. கிளம்பும் முன் டப்பாவைக் காலி செய்யுங்கள், நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோரிமேடு ஜிப்மர் மாதிரி காலையிலேயே கூட்டம் சேரும் இடங்களில் டாக்டர் உங்களிடம் செலவிடும் நேரம் குறைவு. நோட்டை நீட்டினால் ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிடுவார்.

கழற்றும் நாளும் அதற்குப் பிறகும்

சின்னவனைப் பத்தாம் நாளும் பெரியவனைப் பதினெட்டாம் நாளும் கழற்றினார்கள். சிஸ்டர் தையலை வெட்டி, உறிஞ்சலை நிறுத்தி, ‘மூச்சை இழுத்து விடும்மா’ என்றார். விடுவதற்குள் வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இருந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் திக்கென்றது. வலி என்று சொல்ல முடியாது, உள்ளே ஏதோ ஊர்ந்து போன மாதிரி ஒரு கூச்சம். துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், அதுவரை கொஞ்சம் கசியும், காஸ் வைத்துக்கொண்டால் போதும்.

கழற்றிய பிறகும் சிலருக்கு அங்கே நீர் சேரும். தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும். கொஞ்சமாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அதிகமானால் ஓ.பி.யிலேயே ஊசியால் எடுத்துவிடுவார்கள், அந்த இடம் மரத்திருப்பதால் ஊசி குத்துவதே சரியாகத் தெரியாது. எனக்கு இரண்டு முறை எடுத்தார்கள். வீட்டில் அமுக்கிப் பிழிந்து பார்க்க வேண்டாம்.

கையை மேலே தூக்க டாக்டர் அனுமதித்ததும் சுவர்ப் பயிற்சியை ஆரம்பியுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி ஏறுவது போல மேலே நகர்த்தி, இழுக்கும் இடத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நல்ல கைக்கும் ஒரு கோடு. சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு முறுக்கின மாதிரி ஒன்று இழுப்பது சிலருக்குத் தெரியும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நீட்சிப் பயிற்சியில் அது தளர்ந்துவிடும், பயந்துகொண்டு கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகிவிடும். கதிர்வீச்சு சிகிச்சை இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். மேஜையில் படுக்கும்போது அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் கூடத்துச் சுவரில் என் இரண்டு கோடுகளும் ஒரே உயரத்துக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் யார் வீட்டுப் பிள்ளை கிறுக்கியது என்று கேட்டார்.